நாலரை மணி ஒற்றை ரிங்

8-7, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். மலை கண்ணுக்கே தெரியவில்லை. குடை ஆபீசில், நான் நனைந்துகொண்டே வீட்டுக்கு.

மண்டிக்குப் புது போன் சிஸ்டம். ஏலக்காய் விவசாயி யார் கூப்பிட்டாலும் திரையில் பெயர் வருமாம். அதற்கு இருபது வருஷ நம்பரையும் ஒரே ஃபைலாக அடித்துக் கொடுக்க வேண்டும். யார்? நான்தான். நோட்டு முழுக்க என் கையெழுத்து, வேறு எவனுக்கும் புரியாது.

மதுரைக் கம்பெனிப் பெண் போனில் சொன்னவை:
– ஒரு வரிக்கு ஒரு நம்பர், கமா, பெயர்.
– பத்து இலக்கம். இடைவெளி, புள்ளி, முன்னால் 91 எதுவும் கூடாது.
– ஒரு நம்பருக்கு ஒரே பெயர்.
– ஃபைலில் இல்லாத நம்பர் உள்ளே வராது. பதிவுக் குரல் பேசி வெட்டிவிடும்.

"பேரு காலியா இருந்தா அந்த லைனையே தள்ளிரும் சார்" என்றாள். சரிம்மா என்றேன்.

மூட்டுவலி மாத்திரை தீர்ந்தது. வாங்க வேண்டும்.

9-7, புதன்

காற்று. ஆபீஸ் ஜன்னல் கொண்டி உடைந்துவிட்டது.

நோட்டில் நான் எழுதி வைத்திருக்கும் லட்சணம்: 'குரங்கணி ஒத்தக்காது', 'டவர் இருந்தா எடுப்பார்', 'தேவாரம், யானை வெரட்டப் போயிருப்பார்'. எனக்கு முகம் தெரியும். மெஷினுக்கு? ஒரு எஸ்டேட்டில் லயத்து வீடு ஏழுக்கும் சேர்த்து ஒரே போன், ஏழு பெயர். யாரை வைப்பது? பக்கத்து சீட் பேச்சியம்மாவைக் கேட்டேன்.

"சத்தம் கூடுன ஆளு பேரப் போடுங்கண்ணே. அவருதான் சண்டைக்கு வருவாரு."

போட்டேன்.

4.30. என் மேஜை போன். ஒரு ரிங். நின்றது.

எழுதி வைக்கிறேன், யார் படிக்கப் போகிறார்கள். அது வளர்மதி. என் ஒரே மகள். ஜீப்பு ஓட்டுகிறவனோடு மலைக்குப் போய்க் கல்யாணம் முடித்து மூன்று வருஷம். "எனக்கு மக இல்ல, இனிமே எங்கிட்டப் பேசாத" என்று சொன்னது நான். அவளும் பேசுவதில்லை. தினமும் நாலரைக்கு ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவாள். மலைக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். ஜீப்பு போய்ச் சேர்ந்தால் கீழே இருப்பவருக்கு ஒரு ரிங். பத்திரம் என்று அர்த்தம். எடுக்கக் கூடாது, திரும்பக் கூப்பிடவும் கூடாது. அவள் காலேஜுக்குத் தேனி பஸ்சில் போன நாளில் நான்தான் பழக்கிவிட்டேன்.

நான் எடுத்ததே இல்லை. ஆனால் நாலு இருபதுக்கு மேல் சீட்டை விட்டு எழுந்ததும் இல்லை.

10-7, வியாழன்

ஃபைல் முடிந்தது. கண் எரிச்சல். இறந்தவர்கள் மட்டுமே மூன்று பக்கம். எடுத்துவிட்டேன்.

கடைசியாக அவள் நம்பர். பார்க்காமலே அடிக்க வந்தது. கமா. அப்புறம் பெயர். மூன்று வருஷமாக அந்தப் பெயரை நான் எழுதவில்லை. ரேஷன் கார்டிலிருந்து நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்ததுதான் கடைசி. திரையில் அந்தப் பெயர் வந்தால் பேச்சியம்மா பார்ப்பாள், மண்டி பூராவும் பேசும். அதெல்லாம் சாக்கு. வீம்பு. அவ்வளவுதான்.

பெயர் தெரியாத நம்பருக்கு நோட்டில் சின்னக் கோடு போடுவது எங்கள் வழக்கம். மற்றக் கோடுகளுக்கெல்லாம் ஊர்ப் பெயர் போட்டு ஒப்பேற்றியிருந்தேன், இதற்கு மட்டும் கோட்டையே போட்டேன். காலி இல்லையே, கோடு இருக்கிறதே. மதுரைக்கு அனுப்பியாயிற்று.

மாத்திரை மறந்தது.

11-7, வெள்ளி

திறப்பு விழா. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம். கேசரியில் முந்திரி ஒன்றே ஒன்று, அதுவும் முதலாளி தட்டில்.

பெயர் வருகிறது! பேச்சியம்மா எடுத்த எடுப்பில் "சொல்லுங்க முருகேசண்ணே" என்றாளாம். "நான் வாயவே தொறக்கலயே தாயி" என்று அந்த ஆள் பயந்து வைத்துவிட்டார். எல்லாரும் சிரித்தோம்.

4.30 ஒன்றும் இல்லை. டவர் போயிருக்கும். மலையில் மழை.

12-7, சனி

இன்றும் இல்லை. 5.10 வரை உட்கார்ந்திருந்தேன். "என்னண்ணே, வீட்டுக்குப் போகலியா?" பேச்சியம்மா. ஜன்னலுக்குக் கொண்டி மாட்டுகிறேன் என்றேன்.

14-7, திங்கள்

மதுரைப் பெண் தள்ளிய பட்டியல் அனுப்பியிருந்தாள். ஆயிரத்துச் சொச்சம் வரியில் தள்ளியது ஒன்றே ஒன்று.

"வெறும் கோடு போட்டிருக்கீங்க சார். சிஸ்டம் அதக் காலின்னுதான் எடுத்துக்கும்."

கூடவே அந்த நம்பரிலிருந்து வந்து வெட்டுப்பட்ட போன்களின் பட்டியலும். வெள்ளி 4.30, 4.31, 4.33. சனி 4.30. ஞாயிறு காலை பத்திலிருந்து ஆறு தடவை. ஞாயிறு ஆபீசே கிடையாது, அது அவளுக்கும் தெரியும். அத்தனை தடவையும் அந்தக் குரல் சொல்லியிருக்கிறது: உங்கள் எண் எங்கள் பதிவில் இல்லை, நன்றி. நன்றி வேறு.

உடனே அடித்தேன். வளர்மதி. இனிஷியல் என் எழுத்தே. ஏற்றுக்கொண்டது.

4.30 இல்லை. 5.00 இல்லை.

15-7, செவ்வாய்

வெயில். மலை பளிச்சென்று தெரிகிறது. டவர் மேல் பழி போட முடியாது.

இன்றும் ரிங் இல்லை. என் செல்லில் கூப்பிட்டேன். சுவிட்ச் ஆஃப்.

வீட்டுக்கு வந்து மனைவி செல்வியிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அவள் முருங்கைக்கீரை உருவுவதை நிறுத்தவே இல்லை.

"தெரியும். ஞாயித்துக்கெழம எங்கிட்ட அழுதா."

செல்வியிடம் பேசுகிறாளாம். வேறு நம்பராம். மூன்று வருஷமாக.

"அப்பா எந்நம்பர எடுத்துட்டாராம்மான்னு கேட்டா. அந்த லிஸ்ட்ட எழுதுறதே நீங்கதான? நான் என்னத்தச் சொல்ல? ஆமான்னேன்."

"நான் எடுக்கல. கோடு போட்டேன்."

"கோடு! பெத்த புள்ள பேர எழுதக் கை வரலியாக்கும்."

அப்புறம் அவளே சொன்னாள். "அந்தப் பழைய சிம்மு வீட்டுல எடுக்காதுங்க. தெனமும் சோலி முடிஞ்சு பாறை மேல ஏறி வந்துதான் ஒங்களுக்கு ரிங் விடுவா. ஒங்களுக்குன்னுதான் அத வச்சிருந்தா. கழட்டித் தூரப் போட்டுட்டாளாம்."

பாவி நான். படுபாவி.

16-7, புதன்

செல்வி காலண்டர் தாளைக் கிழித்து, பின்னால் அந்த இன்னொரு நம்பரை எழுதிச் சட்டைப் பையில் வைத்துவிட்டாள். "வெரசா பேசுங்க. பெரிய மனுசத்தனத்தத் தூக்கி ஒடப்புல போடுங்க." ஆபீசில் முதல் வேலையாக ஃபைலில் ஏற்றினேன். நம்பர், கமா, வளர்மதி. பேச்சியம்மா பார்த்தாள். பார்க்கட்டும்.

என்ன சொல்வது? தாளில் எழுதிப் பார்த்தேன். 'சாப்பிட்டியா.' கோடு கிழித்து அழித்தேன். 'அது மெஷின்மா, நான் இல்ல.' பொய். அழித்தேன். 'நல்லா இருக்கியா.' அதற்கு மேல் ஓடவில்லை.

4.30. மேஜை போனிலிருந்து அவளுக்குப் போட்டேன். அடித்தது. ஒரு ரிங்கில் வைத்துவிட்டேன்.

5.15. எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். அவள் கூப்பிடவில்லை. ஒரு ரிங் என்றால் திரும்பக் கூப்பிடக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.