கார் ஓட்டலுக்கு ஒரு கேட்

3.8. வெள்ளி

காலையிலிருந்தே வெயில். மலை மேல் ஒரு துண்டு மேகம்கூட இல்லை.

நகராட்சி ஆள் வந்து மனை வேலியில் நோட்டீஸ் கட்டிவிட்டுப் போனார். செங்கம் ரோட்டில், காரில் உட்கார்ந்தபடியே சாப்பிடும் சிற்றுண்டி ஓட்டல் கட்ட ராமலிங்கம் மனு. ஆட்சேபணை இருந்தால் பத்து நாளுக்குள் எழுத்தில் தரவும். இரண்டு தடவை படித்தேன். ராமலிங்கம் நான்தான்.

சரோஜாவுக்கு இன்னும் சிரிப்பு. "இந்தத் தெருவுல ஒருத்தர்கிட்டயும் கார் கிடையாது. இவரு காருக்கு ஓட்டல் போடறாராம்." பெங்களூர் போகிற கார்கள், ஆசிரமத்துக்கு வருகிற கார்கள் என்று கணக்குச் சொன்னேன். நிஜக் காரணம் சொல்லவில்லை. பெண்டாட்டியிடம் சொல்லக் கூச்சம்.

இங்கே எழுதலாம். இருபத்திரண்டு வருஷம் அரிசி மில் முதலாளிக்கு வண்டி ஓட்டினேன். அவர் குடும்பம் ஓட்டலுக்குள்ளே, நான் ஸ்டியரிங்கில். அவர்கள் கை கழுவிவிட்டு வந்ததும் கிளம்ப வேண்டும். மெட்ராஸில் ஒரே ஒரு நாள், காருக்கே கொண்டுவந்து கொடுக்கிற ஓட்டல். முன் ஜன்னலில் எனக்கும் ஒரு தட்டு மாட்டினான். முதலாளியும் நானும் ஒரே நேரத்தில் தோசை சாப்பிட்டோம். அது இன்னும் நாக்கில் இருக்கிறது.

வாங்க: ஆணி, சணல், சரோஜா முட்டிக்குத் தைலம்.

7.8. செவ்வாய்

பதினொரு மணிக்கு ஜீப்பில் நகராட்சி இன்ஸ்பெக்டரும் ஓவர்சியரும். டேப் பிடித்தார்கள். கேட் வரும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு. ரோட்டில் ஓர் ஆடு, ஒரு சைக்கிள். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார்: "ஜனநடமாட்டம் இல்லை." எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

வேப்பமரத்தடியில் சரோஜா இட்லி, வடை பரிமாறினாள். ஜீப் டிரைவர் மணி மட்டும் இறங்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

"பரவால்லண்ணே. அப்புறம் சாப்டுக்கறேன்."

"அப்புறம்னா எப்போ? எனக்குத் தெரியாதா? சாப்டு."

சாப்பிட்டான். ஓட்டலில் ஹாரன் கிடையாது, லைட்டை ரெண்டு தடவை போட்டு அணைத்தால் ஆள் வரும் என்று அவனிடம் சொன்னேன். உடனே போட்டுக் காட்டினான். ஓடிப்போய் சட்னி கொண்டுவந்தேன். முதல் கிராக்கி.

பல்வலி. கிராம்பு.

9.8. வியாழன்

ஆட்சேபணை. ஒரே ஒரு ஆள். பக்கத்துத் தெரு தங்கவேல் சார், ரிட்டயர்டு வாத்தியார். பௌர்ணமிதோறும் மலை சுற்றுகிறாராம். கண்ணில் புரை. வெறுங்காலோடு இடது ஓரமாகப் போகிறவர்களுக்குக் குறுக்கே கார் திரும்புவது ஆபத்தாம். பழகின வாத்தியார் கை, முத்து முத்தான கையெழுத்து. அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் ஜாஸ்தியாச்சு.

"மாசத்துக்கு ஒரு நாள். அதுக்கு என் பொழப்புல மண்ணா?"

சரோஜா: "அவரு யார்கிட்டயாவது வம்புக்குப் போயி பாத்திருக்கீங்களா?"

விளக்கை அணைத்துப் படுத்துவிட்டேன்.

11.8. சனி. பௌர்ணமி

பகலில் புழுக்கம். சாயங்காலம் மனையில் கல் மேல் உட்கார்ந்து எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ண ஆரம்பித்தேன். கம்மியாக இருந்தால் ஆட்சேபணை விசாரணையில் சொல்லலாம். விளக்கு வைக்கும் நேரத்திலேயே எண்ணிக்கை விட்டுப்போச்சு. இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி. கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஜனங்கள், கும்பலாக. எல்லோரும் சுண்ணாம்புக் கோட்டை மிதித்துத்தான் போகிறார்கள். எத்தனையோ பௌர்ணமிக்கு முதலாளியைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டேன். நான் ஒரு தடவைகூட நடந்ததில்லை.

வாத்தியார் வந்தார். காலால் ரோட்டு ஓரத்தைத் தடவித் தடவி. கோட்டுக்குக் கிட்டே நின்று காது கொடுத்துக் கேட்டார்.

"யாருப்பா அங்க?"

"ராமலிங்கம், சார்."

"உங்க மேல கோவம் இல்லப்பா. ஓட்டல் வரட்டும். பின்னால வர்ற வண்டி எந்தப் பக்கம் திரும்புதுன்னு எனக்குத் தெரியல. அவ்ளோதான்."

போய்விட்டார். நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம் ஒடிக்கும்போது டிரைவர் கண் கேட்டின் மேல் இருக்கும், ஓரத்தில் இருக்காது. நானே ஓட்டி வந்தாலும் அவரை இடித்திருப்பேன். வெட்கமாக இருந்தது.

12.8. ஞாயிறு

பிளானைத் திருத்தினேன். கேட் பின்பக்கச் சந்தில். சமையல்கட்டு பாதியாகச் சுருங்குகிறது.

"ஆட்டுக்கல்ல என் தலை மேலயா வெச்சுக்கறது?" என்று சரோஜா. மதியம் அவளே ஸ்கேலை எடுத்து, "இந்த ஜன்னல இப்படித் தள்ளிட்டா எடம் வருமே" என்றாள். வருகிறது.

17.8. வெள்ளி

லேசான தூறல். நகராட்சியில் விசாரணை. வெள்ளைச் சட்டை, கையில் புதுப் பிளான்.

கமிஷனர் ரிப்போர்ட்டைப் படித்தார். "ஜனநடமாட்டம் இல்லைன்னு போட்டிருக்கு. ஆட்சேபணைல ஒண்ணும் இல்ல. முன்பக்க கேட்டுக்கே பர்மிஷன் தரலாம்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வாத்தியார் பெஞ்சில், எந்தத் திசையில் பேச்சு வருகிறது என்று தலையைச் சாய்த்தபடி.

"சார், அந்த ரிப்போர்ட் சரியில்லீங்க. அது செவ்வாய்க்கிழமை பதினொரு மணி. பௌர்ணமிக்கு நான் உக்காந்து பாத்தேங்க."

இன்ஸ்பெக்டர் முறைத்தார். நான் நீட்டிய புதுப் பிளானைக் கமிஷனர் புரட்டிவிட்டுத் திருப்பித் தந்தார்.

"பிளான் மாறினா இந்த மனு செல்லாதே. மறுபடியும் மனு, மறுபடியும் நோட்டீஸ். கார்த்திகை தீபத்துக்குள்ள முடியாது. சம்மதமா?"

தீபத்துக்குத் திறக்கலாம் என்றுதான் கனவு. கூட்டம் வரும், கார் வரும். "சரிங்க" என்றேன்.

வராந்தாவில் வாத்தியார் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "அடுத்த நோட்டீசுக்கு ஆதரவா நானே எழுதித் தர்றேன்."

சரோஜாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி படி இறங்கினேன். தூறலில் ஜீப் நின்றிருந்தது, உள்ளே மணி. ஆபீஸர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் லைட்டை ரெண்டு தடவை போட்டு அணைத்தான்.

என் கையில் பிளான்தான் இருந்தது. எதிர்க் கடைக்கு ஓடி நாலு வடை வாங்கிவந்து ஜன்னலில் நீட்டினேன்.