அண்ணன் கொடுத்தனுப்பிய சமாதானம்

அக்கா,

இன்று இரும்புலியூர் தபால் ஆபீசுக்குப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் முத்திரையை மையில் ஒற்றி என் உறையில் குத்தினாள். அந்த மை வாசனை மூக்கில் ஏறியதும் நீங்கள் பக்கத்தில் வந்து நிற்பதுபோல் இருந்தது. வாரமெல்லாம் தாம்பரம் ஆபீசில் குத்திய மை, ஞாயிறு ஆராதனைக்கு வரும்போதும் உங்கள் விரலிடுக்கில் ஊதாவாக ஒட்டியிருக்கும். சபைக்கே அக்காவான நீங்கள் போய் ஆறு வருஷம் ஆகிறது. உயிரோடு இருக்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை.

எண்பதுகளின் கடைசியில் நடந்த சபைக் கமிட்டித் தேர்தலில் என் வீட்டுக்காரர் ஒரு அணி, என் அண்ணன் எதிரணி. முடிவு சொன்ன அன்று ஆலய வாசலிலேயே அண்ணன் இவர் சட்டையைப் பிடித்தான். போலீஸ் ஜீப் வந்தது. அதுவரை ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று உட்கார்ந்த சபை, அடுத்த ஞாயிறு முதல் அணி அணியாக உட்கார்ந்தது. நடுப்பாதைக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாம்.

பக்கவாதத்தில் படுத்திருந்த என் அம்மா அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். அடுத்த தெரு. எட்டு மாதம் நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"அம்மாவப் பாத்தியா?" என்று வாராவாரம் கேட்பீர்கள்.

"அவன் வாசப்படிய மிதிக்க மாட்டேங்க்கா" என்பேன், என்னவோ மெடல் வாங்கியவள் மாதிரி.

நீங்கள் புத்திமதி சொன்னதில்லை. நீங்களும் நம் அணிதானே. அண்ணன்மேல் கொடுத்த போலீஸ் புகாரில் மூன்றாவது கையெழுத்து உங்களுடையது.

அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு முன்னால், சபைப் போதகரான ஐயர் பீடத்திலிருந்து இறங்கி வந்து, முன்வரிசையில் இருப்பவரின் கூப்பிய கைகளைத் தன் கைகளால் பொத்தி, "உங்களுக்குச் சமாதானம்" என்பார். வாங்கியவர் அடுத்தவருக்குக் கொடுப்பார். அப்படியே கை மாறி மாறிக் கடைசி பெஞ்சு வரை போகும். அந்த மாதங்களில் ஐயர் பாவம், இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகக் கொடுத்தார். ஒரே பீடத்திலிருந்து இரண்டு சமாதானம்! யாருக்கும் கூச்சமில்லை, எனக்கும்தான்.

எட்டாம் மாதம் ஒரு ஞாயிறு, நீங்கள் பாதையோரம், நான் உங்கள் பக்கத்தில். சமாதானம் உங்களிடம் வந்தது. நான் கைகூப்பித் திரும்பினேன். நீங்களோ எழுந்து பாதையைத் தாண்டி என் அண்ணன் முன்னால் போய் நின்றீர்கள். அவன் கையைக் கட்டிக்கொண்டான். ஆராதனை அப்படியே நின்றது.

"அக்கா, வந்து ஒக்காருங்க" என்று நம் பக்கத்திலிருந்து ஒருவர் அதட்டினார்.

நீங்கள் நகரவில்லை. "தம்பி, முட்டி வலிக்குது. சீக்கிரம் வாங்கிக்கோ" என்றீர்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கையை நீட்டினான்.

"இப்ப நீ குடு. உன் தங்கச்சிக்கு" என்றீர்கள்.

வாங்கி, பொத்திய கையோடு என்னிடம் வந்தீர்கள். நான் முந்தானைக்குள் கையை இழுத்துக்கொண்டேன். இன்றுவரை நினைத்தால் கூசுகிறது, அக்கா. நீங்கள் திரும்ப உங்கள் இடத்தில் உட்கார்ந்தீர்கள். எல்லாரும் திருவிருந்துக்கு எழுந்து போனார்கள். ஒரு மாதமும் திருவிருந்தைத் தவறவிடாத நீங்கள் மட்டும் மூடிய கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தீர்கள்.

"போகலையாக்கா?"

"எப்டிப் போறது? கையில உன்னுது இருக்குது. தபால் ஆபீஸ்காரி நான், உன் பேருக்கு வந்தத என்னா பண்றது?"

உங்கள் கண்ணில் கோபமே இல்லை. அதுதான் என்னை உடைத்தது. அழுதுகொண்டே இரண்டு கையையும் நீட்டினேன். பிறகு இருவரும் சேர்ந்து கடைசி ஆளாகப் பீடத்துக்குப் போனோம்.

ஆராதனை முடிந்ததும் அதே புடவையோடு அண்ணன் வீட்டுக்குப் போனேன். கோணிய வாயால் அம்மா, "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டாள். அண்ணி இலை போட்டாள்.

கமிட்டிச் சண்டை தீரவில்லை. அது கோர்ட்டுக்குப் போய் இன்னும் இரண்டு வருஷம் இழுத்தது. உங்கள்மேல் நம் அணிக்கே கோபம், உங்களோடு பேசுவதை நிறுத்தினார்கள். நீங்கள் அசரவில்லை. அந்தத் தைரியத்தில் கால்வாசிகூட எனக்கு வரவில்லை. ஆனால் இன்றும் யாரோடு மனஸ்தாபம் வந்தாலும், அந்த வீட்டில் யாராவது படுத்திருந்தால் முதலில் போய்ப் பார்த்துவிடுகிறேன். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்கிறேன்.

அந்த வருஷ ஐப்பசி மழையில் அம்மா போனாள். கடைசி வாய் கஞ்சியை நான்தான் ஊட்டினேன், அக்கா. அண்ணன் அவள் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.