நாற்பத்தொரு விநாடிகள்

அக்கா,

இன்று காலை எங்கள் வீதிக்குக் கவுன்சிலின் கழிவு லொறி வந்தது. வீடுகளுக்கு முன்னால் புல்லில் ஆட்கள் போட்டுவைத்திருந்த மெத்தை, கதிரை, துருப்பிடித்த பார்பிகியூ அடுப்பு எல்லாவற்றையும் அதன் இரும்புத் தாடை ஒவ்வொன்றாக வாங்கி நசுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டார் போட்ட குவியலுக்குள் மங்கிய வெள்ளை நிறத்தில் ஒரு கணினிப் பெட்டி. தொண்ணூறுகளில் எல்லா வீட்டிலும் நின்ற அந்த உயரமான பெட்டி. தாடை மூடியது. தகரம் மடிந்து, உள்ளேயிருந்த பலகை முறிகிற சத்தம் கேட்டது. வேலைக்குப் போக வெளிக்கிட்டவள், வாசற்படியிலேயே குந்திவிட்டேன். லொறிக்காரர் இறங்கிவந்து சுகமில்லையா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டி அனுப்பினேன்.

உங்கள் கராஜில் நான் கேட்ட சத்தம் அது.

பென்டில் ஹில் புறநகரில் உங்கள் வீட்டின் பின்பக்க அறைக்கு நான் குடிவந்தபோது எனக்கு இருபத்தெட்டு வயது. அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு, முதியோர் இல்லமொன்றில் படுக்கை மாற்றிக்கொண்டிருந்தேன். நீங்கள் என்னைவிட ஆறு வயது மூத்தவர். உங்கள் கணவரை ஊர்ச்சனம் ‘கொம்பியூட்டர்க்காரர்’ என்றுதான் சொல்லும். நகரத்தில் ஓர் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் வேலை. சனி, ஞாயிறுகளில் ஆட்கள் தங்கள் கணினிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு அவரிடம் வருவார்கள். மெமரி கூட்டவேண்டும், ஹார்ட் டிஸ்க் மாற்றவேண்டும், புதிய விளையாட்டு ஓடமாட்டேன் என்கிறது என்று மகன் அழுகிறான் என்பார்கள். அவர் வரவேற்பறையில் கதைத்துக்கொண்டிருப்பார். கராஜில் பெட்டியைக் கழற்றுவது நீங்கள். பூட்டுவதும் நீங்கள். பிறகு அவர் அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தான் செய்ததாகக் கொடுப்பார்.

இது எனக்குத் தெரியவர இரண்டு கிழமை பிடித்தது. மற்றது தெரியவர ஒரு கிழமை போதுமாயிருந்தது. என் அறைக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் இருந்தது மெல்லிய சுவர். ஒரு பின்னேரம் அந்தச் சுவரில் ஏதோ பாரமாக மோதியது. என் கட்டிலுக்கு மேலே தொங்கிய நாட்காட்டி விழுந்தது. மோதியது உங்கள் தலை என்று அடுத்த நாள் உங்கள் நெற்றியைப் பார்த்துத்தான் அறிந்தேன். அவருக்கு வேலையிடத்தில் கரைச்சல் என்றீர்கள். இன்னொரு நாள், யாரோ ஒருவரின் ஹார்ட் டிஸ்க்கில் இருந்த கலியாணப் படங்கள் அழிந்துபோயின. அழித்தது அவர். ஆனால் உங்கள் முன்னங்கையைப் பிடித்துக் கணினிப் பெட்டியின் மழுக்காத தகர விளிம்பில் வைத்து அழுத்தினார். மீன் வெட்டியதுபோல நீளமாகப் பிளந்திருந்தது. நான்தான் கட்டுப்போட்டேன். பொலிஸுக்குச் சொல்லுவோம் என்று நான் சொல்லவில்லை. பொலிஸ் என்றால் எங்கள் இரண்டு பேருக்கும் வேறொரு நாட்டின் நினைவுதான் வரும்.

ஆனாலும் கராஜில் அவர் இல்லாத நேரங்களில் நீங்கள் வேறு ஆள். என் முறை வேலை முடிந்து வந்தால் ஒரு முக்காலியை இழுத்துப் போடுவீர்கள். மெமரித் துண்டைத் தொடுமுன் பெட்டியின் இரும்பில் கைவைத்து உடம்பின் மின்சாரத்தை இறக்கச் சொல்லித் தருவீர்கள். ஒரு கோடு போட்ட கொப்பி வைத்திருந்தீர்கள். ஒவ்வொரு கணினிக்கும் மாற்றுவதற்கு முன் வேகம், மாற்றியபின் வேகம், எத்தனை தரம் உறைந்து நின்றது என்று எழுதுவீர்கள். ஒருமுறை நான் ஆகக் கூடிய வேகத்தை எழுதப்போக, பேனையைப் பிடுங்கினீர்கள்.

“மூண்டு தரம் ஓடவிட்டு, ஆகக் குறைஞ்சதை எழுது. நல்லதை மட்டும் எழுதினா அது விளம்பரம்.”

உங்களுக்கென்று ஒரு கணினியை ஆறு மாதமாகச் சேர்த்துக் கட்டினீர்கள். மற்றவர்கள் கழித்துவிட்டுப் போன பாகங்கள். முந்நூறு மெகாஹெர்ட்ஸ் புரோசசர். அதை நானூற்றைம்பதில் ஓடவைக்கலாம், சூட்டை மட்டும் இறக்கவேண்டும் என்று இரண்டு காற்றாடிகளைப் பூட்டி, மூடியைக் கழற்றி வைத்திருந்தீர்கள். சூடு கூடினால் என்ன நடக்கும் என்று கேட்டேன். “அப்பிடியே உறைஞ்சு நிக்கும். ஒருத்தருக்கும் அடிக்காது” என்று சொல்லிச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்கு எனக்குச் சிரிக்க வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

உங்கள் கணவர் புத்தம்புதிதாக நானூற்றைம்பது மெகாஹெர்ட்ஸ் கணினி ஒன்று வாங்கியிருந்தார். அதைப் பார்க்க நாலைந்து குடும்பங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தன. பெண்கள் குசினியில். வந்தவர்களில் கணக்காளர் ஒருவர், பழைய கணினிக்குப் பாகம் மாற்றுவதா, இல்லை, புதிதாக ஒன்று வாங்குவதா என்று கேட்டார். பழையதைப் போட்டு மினக்கெட வேண்டாம், என்ன செய்தாலும் அது இதற்குக் கிட்டவும் வராது என்றார் உங்கள் கணவர். தேநீர்த் தட்டோடு நின்ற நீங்கள், “வரும்” என்றீர்கள். அந்த ஒரு சொல்தான்.

கணக்காளருக்கு ஆர்வம் வந்துவிட்டது. எல்லோரும் கராஜுக்கு வந்தார்கள். புதுக் கணினியும் அங்கே வந்தது. ஒரே படத்தை இரண்டிலும் திறந்து, ஒரே மாற்றத்தைச் செய்து, சேமித்து முடிக்க எவ்வளவு நேரம் என்று பார்ப்பது. கணக்காளர் தன் மணிக்கூட்டைக் கழற்றி என்னிடம் தந்தார். உங்கள் கணவரின் கணினிக்கு நாற்பத்தொன்பது விநாடி. உங்களுடையதில் மெமரி இரண்டு மடங்கு. நாற்பத்தொரு விநாடி. உங்கள் வழக்கப்படி மூன்று தரம் ஓடவிட்டோம். மூன்று தரமும் உங்களுடையதுதான் முந்தியது.

எண்ணை வாசித்தவள் நான். தேவைக்கு அதிகமான சத்தத்தில் வாசித்தேன். மூன்றாம் தரம் கையும் தட்டினேன். மற்றவர்களும் தட்டினார்கள். யாரோ உங்கள் கணவரின் தோளில் தட்டி, வேலையை மனிசிக்குக் குடுத்துவிட்டு நீங்கள் வீட்டில் நில்லுங்கோ என்று பகிடி விட்டார்கள். அவரும் சிரித்தார். குசினிக்குப் போய் இன்னும் இரண்டு ரோல்ஸ் எடுத்துச் சாப்பிட்டார். உங்கள் முகத்தை மட்டும் நான் பார்க்கவில்லை.

நாலு மணிக்கு எல்லோரும் போனார்கள். வெயில் இன்னும் கராஜுக் கூரையில் எரிந்துகொண்டிருந்தது. முதலில் தகரம் நெளிகிற சத்தம். பிறகு பலகை முறிகிற சத்தம். காற்றாடி ஒன்று சிமெந்து நிலத்தில் உருண்டு வாசலுக்கு வெளியே வந்து விழுந்தது. அதன்பிறகு வேறொரு சத்தம். ஈரமான சத்தம்.

நான் உள்ளே வந்தபோது அவர் எனக்கு முதுகு காட்டி நின்றார். இடக்கையால் உங்கள் வலக்கை மணிக்கட்டை மேசையில் அமத்திப் பிடித்திருந்தார். வலக்கையில் சுத்தியல். உங்கள் விரல்கள் இருந்த இடத்தில் சிவப்பும் வெள்ளையுமாக ஏதோ கிடந்தது. நீங்கள் கத்தவில்லை. வாயைத் திறந்தபடி நின்றீர்கள். சுத்தியல் திரும்ப உயர்ந்தது. என் காலடியில் யாரோ மாற்றிவிட்டுப் போன பவர் சப்ளை ஒன்று, வயர்க் கொத்தோடு கிடந்தது. செங்கல் அளவு இரும்பு. வயரைப் பிடித்துத் தூக்கிச் சுழற்றி அவருடைய பின்மண்டையில் அடித்தேன். அவர் முழங்காலில் விழுந்தார். இன்னொரு தரம் அடித்தேன். முதல் அடி உங்களுக்காக. இரண்டாவது யாருக்காக என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஊரில் எங்கள் வீட்டுக் கதவை உதைத்து உள்ளே வந்தவர்களுக்காக இருக்கலாம்.

அவர் மயங்கிக் கிடந்தார். காதுக்குப் பின்னாலிருந்து வழிந்த இரத்தம், சிதறிக் கிடந்த திருகாணிகளைச் சுற்றிக்கொண்டு ஓடியது. நீங்கள் உடைந்த கையை நெஞ்சோடு அணைத்தபடி என் பக்கம் வந்தீர்கள். இடக்கையால் என்னிடமிருந்து வயரைப் பிடுங்கினீர்கள்.

“வாயைத் திறக்காதை. உனக்கு இன்னும் விசா வரேல்லை.”

“அக்கா, நான்தானே…”

“நான்தான் அடிச்சனான். நீ இப்பத்தான் உள்ளுக்கு வந்தனி. விளங்குதோ?”

எனக்கு விளங்கியது. விளங்கியதுதான் வெட்கம். அம்புலன்ஸோடு வந்த பெண் பொலிஸிடம் நீங்கள் ஆங்கிலத்தில் சொன்னீர்கள். நடுங்காமல் சொன்னீர்கள். இடக்கையால் எப்படி அடித்தீர்கள் என்று அவள் கேட்டதற்கு, வயரைப் பிடித்துச் சுழற்றிக் காட்டினீர்கள். நான் மூலையில் உங்கள் கொப்பியை அணைத்துக்கொண்டு நின்றேன்.

அவருக்குப் பதினொரு தையல். உங்களுக்கு மூன்று அறுவைச் சிகிச்சை. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் பிறகு மடங்கவேயில்லை. தற்காப்பு என்று உங்கள் மேல் வழக்குப் போடவில்லை. அவருக்குத் தண்டனையும், உங்களை நெருங்கக்கூடாது என்ற கட்டளையும் கிடைத்தன. ஆனால் எங்கள் சனத்தின் தீர்ப்பு வேறாக இருந்தது. சுத்தியலைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. அவர் கோபத்தில் கணினியைத்தான் உடைத்தாராம், இடையில் கையை வைத்தது நீங்களாம். நீங்கள் ‘புருசன்ர மண்டையை உடைச்சவள்’ ஆனீர்கள். அன்று கராஜில் கைதட்டியவர்களில் பலர் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு உங்களைக் கூப்பிடவில்லை.

வென்ட்வேர்த்வில்லில் ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு சின்ன வீட்டுக்கு மாறினீர்கள். பழுதுபார்க்கும் கடையொன்றில் இடக்கையால் வேலை பழகினீர்கள். திருகாணி நழுவி விழுந்தால் நான் எடுத்துத் தரக்கூடாது. நீங்களே குனிந்து தேடுவீர்கள்.

எனக்கு விசா வந்த அன்று நேரே உங்களிடம் ஓடிவந்தேன். இனிப் பயமில்லை, பொலிஸுக்குப் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். வேண்டாம் என்றீர்கள். “திரும்ப அந்தக் கதையைத் திறந்தா, அவரும் திரும்பக் கோட்டுக்கு வருவார். எனக்கு அந்த முகத்தைப் பாக்க ஏலாது.” உங்களுக்காகத்தான் பேசாமலிருக்கிறேன் என்று அதன்பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குடியுரிமை எடுத்தேன், தாதியானேன், வீடு வாங்கினேன். இருபத்தைந்து வருடம் உங்கள் பெயரில் கிடந்தது என் அடி.

போன ஓகஸ்டில் உங்களைக் கடைசியாக வழியனுப்பினோம். மண்டபத்துக்கு அவர் வந்தார், அக்கா. கைத்தடியோடு. என்ன இருந்தாலும் புருசன் என்று யாரோ முன்வரிசையில் கதிரை போட்டுக் கொடுத்தார்கள். என் பின்னால் இருந்த ஓர் அன்ரி, எவ்வளவு பொறுமையான மனுசன், மண்டையை உடைத்தவளின் செத்தவீட்டுக்கும் வந்திருக்கிறார் என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார். நான் எழும்பிப் போய் அவர் முன்னால் நின்றேன்.

“உங்களுக்கு அடிச்சது அக்கா இல்லை. நான்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆத்திரமோ அதிர்ச்சியோ அந்த முகத்தில் இல்லை. எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

“தெரியும். அவவின்ர கை அப்ப எனக்கு முன்னால, என்ர பிடியிலதானே இருந்தது. அடி பின்னாலிருந்து வந்தது.”

அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. நான் அடித்தேன் என்று சொன்னால், தான் உங்கள் கையைப் பிடித்து வைத்திருந்ததையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அதைவிட, மனைவியிடம் அடிவாங்கிய அப்பாவியாக இருப்பது அவருக்கு வசதியாக இருந்தது. இப்போது சொன்னதைச் சத்தமாகச் சொல்லுங்கோ என்றேன். அவர் கைத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி நின்று, மண்டபத்துக்கே கேட்க எல்லாவற்றையும் சொன்னேன். சுத்தியல், மேசை, மணிக்கட்டு, வயர், விசா எல்லாம். கொஞ்ச நேரத்தில் அவர் எழும்பிப் போனார். கதவைத் திறந்துவிட இந்தமுறை ஒருவரும் எழும்பவில்லை.

அவரை அடித்ததற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. நான் சுமப்பது அதையல்ல. நீங்கள் இருந்தபோது சொல்லத் துணியாத ஒன்று. சுத்தியல் உங்கள் கையில் மூன்று தரம் விழுந்தது என்று வைத்தியர் சொன்னார். நான் ஓடிவந்து நாலாவதைத் தடுத்தேன் என்றுதான் நீங்கள் கடைசிவரை நம்பினீர்கள். அக்கா, முதல் அடி விழுந்தபோதே நான் கராஜ் வாசலில் நின்றேன். எனக்குக் கால் எழவில்லை. இரண்டாவதையும் பார்த்தேன். மூன்றாவதையும் பார்த்தேன்.