நடுங்கியது அப்பாவின் கால் அல்ல

தண்டையார்பேட்டை,
9.10.2025, வியாழன்.

அன்பு மகன் சாலமோனுக்கு அம்மா தேவகிருபை எழுதுவது. ஆண்டவர் இதுவரை கைவிடாமல் நடத்துகிறார், உடம்பைப் பொறுத்தமட்டில் நானும் அப்பாவும் சுகம். நீயும் ஷிஜியும் பிள்ளையும் அந்த வெயிலில் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் காலை ஜெபத்தில் உங்கள் மூன்று பேர் பெயரையும் சொல்கிறேன், கோபமாக இருக்கிற நாளிலும் சொல்கிறேன், இன்றைக்கும் சொன்னேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன், அதை ஸ்பீக்கரில் போட்டு அப்பா மடியில் வைத்துக்கொண்டுதான் உன்னோடு பேசுகிறோம், வாட்ஸப்பையும் அவர்தான் முதலில் திறப்பார். இது அவர் காதில் இப்படி விழக்கூடாத விஷயம். நம் சபைப் பெண் ஜூடி, அங்கே தோஹாவில் நர்ஸாக இருக்கிறவள், லீவு முடிந்து சனிக்கிழமை திரும்புகிறாள். ஷிஜி கேட்ட நெத்திலிக் கருவாட்டோடு இதையும் ஒட்டி அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. ஹைரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசையில் நிற்கின்றன, ராயபுரம் போய்வரவே அரை நாள் ஆகிறது. கீழ்வீட்டு சிலுவையம்மாளுக்கு முட்டிவலி கூடிவிட்டது, வாரா வாரம் அப்பாதான் அவளைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார், இப்போது காலை நீட்ட இடமில்லாத ஷேர் ஆட்டோவில் போய் வருகிறாள். உங்க வூட்டுக்காரரு கவரைப் போட்டு வண்டிய அடைகாத்துகினு கீறாரே, குஞ்சு எப்ப பொரியும் என்று மாடிப்படியில் என்னை நிறுத்திக் கேட்டாள். சிரிக்கத்தான் செய்தேன்.

போன நவம்பரில் லீவில் வந்தபோது நீ அந்தக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாய். உன் கூட்டாளி எர்ணாவூர் காலித்தின் வண்டி, ஷோரூம் கண்டிஷன் என்றாய், உள்ளே மல்லிகை வாசனை அட்டை தொங்கியது. சபை ஐயர் பானெட்டின் மேல் கை வைத்து ஜெபம் பண்ணினார், நீ பக்கத்தில் கண்ணை மூடி நின்று ஆமென் சொன்னாய். ஜனவரியில் நடுக்கம் தொடங்கியது. முதல் கியரிலும் இரண்டாவதிலும், மெதுவாகப் போகும்போது மட்டும், இருக்கையிலிருந்து தாடை வரை ஆட்டம். வேகம் நாற்பதைத் தாண்டினால் ஒன்றுமில்லை. உன்னிடம் சொன்னோம். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா, எனக்கு இருக்கிறது. அப்பாவுக்கு ஹார்பர் பழக்கம்மா, டிரெய்லர் கியூவில் நின்னு நின்னு கிளட்ச் மேலயே காலை வெச்சிருக்காரு, சுகர் வேற, கால் நடுங்குது போல என்றாய். போன் அவர் மடியில் இருந்தது.

அப்பா அன்றைக்கே ஒரு கேள்வி கேட்டார். தம்பி, வண்டி எப்பவாவது தண்ணில நின்னுச்சா என்று கேட்டார். இல்லப்பா என்றாய் நீ. ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னாய். முப்பத்தோரு வருஷம் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டி ஒரு கீறல் வைக்காத மனிதர், தன் கையும் முதுகும் சொன்னதை விட்டுவிட்டு உன் வாயை நம்பினார்.

மார்ச்சில் கிளட்ச் பிளேட்டை மாற்றினார். அதை மாற்றிய மெக்கானிக்கும் பழைய பிளேட்டைக் கையில் எடுத்துப் பார்க்காமலே, ஹார்பர் டிரைவருங்க எல்லாருக்கும் இதே வியாதிதான் என்று சொல்லிவிட்டார், இந்தப் பக்கத்தில் துறைமுகத்து ஆள் வண்டி என்றால் வேறு எதையும் யாரும் பார்ப்பதில்லை. புது பிளேட்டிலும் ஆட்டம் அப்படியே இருந்தது. அதற்கப்புறம் அப்பா வண்டியைக் குற்றம் சொல்வதையே விட்டுவிட்டார். வாரம் இரண்டு தரம் வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொண்டு உட்காருவார். சுகர் டாக்டர் உள்ளங்காலில் தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, உணர்ச்சி நன்றாக இருக்கிறது ஐயா என்றார். வெளியே வந்ததும், மனசு நோகக்கூடாதுன்னு சொல்றாரு என்று அப்பா என்னிடம் சொன்னார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, ஆனால் எதையும் எழுதி வைத்துப் பார்த்தால்தான் எனக்குப் புரியும், அது உனக்குத் தெரியும். வீட்டுக் கணக்கு நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எந்த ரோடு, எந்தக் கியர், ஏசி போட்டிருந்ததா, எத்தனை பேர் இருந்தோம், மழையா வெயிலா என்று குறித்தேன். போனில் வண்டி வீடியோக்களையும் பார்த்தேன், பாதி புரிந்தது. ஏசி போட்டால் ஆட்டம் கூடியது. காலுக்கு ஏசி போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்று எனக்குள் ஒரு சந்தேகம். ஜூன் மாதம் ஒருநாள் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது. அப்பா இடது காலைத் தூக்கி மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்போதும் டாஷ்போர்டு கடகடவென்று ஆடியது. காலே கீழே இல்லை சாலமோன். நான் அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் என்னைப் பார்த்து, கிருபை, நடுக்கம் உடம்பு பூரா ஏறிடுச்சு போல என்றார்.

நான் சொன்னேன், இது வண்டி, நீங்கள் இல்லை என்று. நோட்டைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, புள்ள பார்த்து வாங்கின வண்டிம்மா, அவன் பொய் சொல்ல மாட்டான் என்று மடக்கிக் கையில் கொடுத்துவிட்டார். மறுநாளிலிருந்து கவர் போட்டாயிற்று. போன மாதம் சாவியை என்னிடம் கொடுத்து, வித்துடு, நல்ல கால் இருக்கறவன் எவனாவது ஓட்டட்டும் என்றார். லைசென்ஸ் இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதியோடு முடிகிறது, புதுப்பிக்கிற தாளைப் பீரோ மேல் போட்டுவிட்டார். இது முடிந்தால் அவர் திரும்ப அதைத் தொடமாட்டார், எனக்கு அவரைத் தெரியும்.

விற்றுத் தரச் சொல்லி நம் தெருமுனை மெக்கானிக் மஹீன் பாயிடம்தான் கொடுத்தேன், கூடவே நோட்டையும் கொடுத்தேன். இன்னாம்மா, வண்டிக்கு ஜாதகம் எழுதிகினு வந்துகீறீங்க என்று சிரித்தார். நாங்கள் ஜாதகம் பார்க்கிறதில்லை பாய், நீங்கள் பாருங்கள் என்றேன். இரண்டு பக்கம் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வண்டியைத் தூக்கி அடியில் விளக்குப் போட்டு என்னையே குனிந்து பார்க்கச் சொன்னார். இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் மவுண்டிங் ஊறி உப்பி, விரலால் அழுத்தினால் ஜவ்வு மாதிரி அமுங்கியது, பாதி கிழிந்து தொங்கியது. மேலே காஞ்சிகீது, அப்போ இன்ஜின் ஆயில் ஒழுகல, கீழேர்ந்து ஊறிகீது, இது எண்ணெய்த் தண்ணில நின்ன வண்டிம்மா என்றார். பிறகு டிரைவர் சீட் பெல்ட்டை யாரும் இழுக்காத அளவுக்குக் கடைசி வரை இழுத்தார். முடிவில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்புக் கறை. இரண்டு வருஷத்துக்கு முந்தின டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் மிதந்து வீடுகளுக்குள் வந்ததே, அந்தக் கறுப்பு.

நான் சண்டை போடத்தான் காலித் வீட்டுக்குப் போனேன். அந்தப் பையன் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, எதிரில் நின்றே பேசினான். உங்க வூட்டுச் சோறு துன்னவன்மா, உங்களாண்ட மறைக்க மாட்டேன், ரெண்டு நாள் தண்ணில நின்னுச்சின்னு சொல்லித்தான் அவனுக்குக் குடுத்தேன் என்றான். நீ கேட்டு அவன் உனக்கு அனுப்பின போட்டோவைக் காட்டினான், கதவில் பாதி வரை கறுப்பாக நிற்கிறது வண்டி. நான் நம்பாத மாதிரி இருந்ததோ என்னவோ, நீ சொன்னதையும் அப்படியே சொன்னான். எங்க நைனாவாண்ட மட்டும் சொல்லிக்காத மாமு, பேஜாராயிடும் என்றாயாம். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் வெட்கத்தில் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டேன்.

தண்ணீரில் நின்ற வண்டியைக் கொடுத்தாய் என்று எனக்குக் கோபமில்லை. இதுதான் முடிந்தது, பழைய வண்டி, தண்ணீரில் நின்றது என்று சொல்லியே கொடுத்திருந்தால் அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அன்றைக்கே அடியில் படுத்துப் பார்த்திருப்பார், அவருக்கு அது திருவிழா. நீ இல்லை என்று சொன்னதைக்கூட அவசரத்தில் வந்த பொய் என்று விட்டுவிடலாம். அதற்குப் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணியிருக்கிறாய். கால் எப்படி இருக்குப்பா என்று ஒவ்வொரு தரமும் கேட்டாய். காரணம் தெரிந்துகொண்டே கேட்டாய். என் மகனுக்கு எவ்வளவு அக்கறை என்று அவர் சபையில் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதை நினைக்கும்போது ஜெபத்தில் உன் பெயர் வருகிற இடத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

மஹீன் பாய் மவுண்டிங் மாற்றிவிட்டார், வண்டி இப்போது நின்றாலும் நகர்ந்தாலும் அசையாமல் இருக்கிறது. அப்பாவிடம் தானே சொல்லட்டுமா என்று கேட்டார், வேண்டாம், சொல்லவேண்டிய ஆள் வேறே என்றேன். வாங்க ஆள் வரவில்லை என்று அப்பாவிடம் சொல்லி, வண்டியைத் திரும்ப வாசலில் நிறுத்திக் கவரைப் போட்டு வைத்திருக்கிறேன். இந்தப் பொய் என் கணக்கில்.

பத்தொன்பதாம் தேதி ஞாயிறு, ஆராதனை முடிந்து பதினொன்றரைக்கு வீட்டில் இருப்போம். உனக்கு மணி ஒன்பது, வேலை நேரம் என்று சொல்லாதே. போனை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் மாடிக்குத் துணி எடுக்கப் போய்விடுவேன். சுற்றி வளைக்காதே, காலித் மேல் போடாதே. தண்ணீரில் நின்றது எனக்குத் தெரியும் அப்பா, உங்கள் காலுக்கு ஒன்றுமில்லை அப்பா என்று அந்த இரண்டையும் சொல். அவர் உன்னைத் திட்டுவார், அல்லது பேசாமல் போனை வைத்துவிடுவார், எதுவானாலும் வாங்கிக்கொள். நீ சொல்லாவிட்டால் மறுநாள் திங்கட்கிழமை நானே சொல்லிவிடுவேன். உன்மேல் அவருக்கு இருக்கிற நம்பிக்கையா, அவர் காலா என்று நான் தீர்மானிக்க வேண்டி வந்தால், நான் காலைத்தான் எடுத்துக்கொள்வேன். பெற்றவள் இப்படி எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஆண்டவர் உன்னையும் ஷிஜியையும் பிள்ளையையும் எல்லாத் தீங்குக்கும் விலக்கிக் காப்பாராக, உனக்கு உண்மை பேசுகிற வாயைத் தருவாராக. ஷிஜியிடம் கருவாட்டை இரண்டு வெயில் காட்டச் சொல். ஞாயிறு, பதினொன்றரை.

உன் அம்மா,
வே. தேவகிருபை