தண்ணீர்த் தொட்டி மேல் ரிப்பீட்டர்

செவ்வாய், இரவு.

வாக்கிடாக்கிப் பேச்சை வாங்கித் தூரத்துக்கு அனுப்பும் ரிப்பீட்டரைக் கண்டு நான் பயந்ததாகக் கன்டெய்னர் யார்டில் பேச்சு. தவறு. உரிமம் வராமல் பொருத்தக் கூடாது என்றேன், அவ்வளவுதான்.

உரிமம் வந்ததால் இன்று தண்ணீர்த் தொட்டி மேல் பொருத்தினார்கள். இதுவரை கன்டெய்னர் அடுக்குக்குப் பின்னாலிருந்து வாக்கிடாக்கியில் பேசினால் இந்தப் பக்கம் கேட்காது. மாலையில் ஆபீசில் என் மேசையிலிருந்த வாக்கிடாக்கியில் மேஸ்திரி கபாலியின் குரல் அலறியது.

“நிறுத்து நைனா! பின்னாடி சலீம் கீறான்!”

டிரைவருக்கும் அது கேட்டது; இந்தப் பக்கமிருந்து பின்னோக்கிப் போன கிரேன் வண்டி அந்த இடத்திலேயே நின்றது. சங்கிலி மாட்டிக்கொண்டிருந்த சலீம் உயிரோடு வீட்டுக்குப் போனான். கண்ணுக்கே எட்டாத மூலையிலிருந்து ஒரு குரல்! கான்வென்ட் ஜெபம் தானாக உதட்டில் வந்தது.

“இன்னா மேடம், கேட்டுச்சா?” என்றான் கபாலி அதே வாக்கிடாக்கியில். “கேட்டது” என்றேன்.

கரண்ட் போனால் அந்த ரிப்பீட்டர் பெட்டி பேட்டரியில் எத்தனை மணி நேரம் தாங்கும்? அதைப் பொருத்திய இன்ஜினியர் “நல்லா தாங்கும் மேடம்” என்றார். எனக்கு அது போதாது. நாளை அவருக்குக் கடிதம்: தயவுசெய்து எழுத்தில் பதில் தரவும்.