பூஜ்யக்காரனுக்கு ஒரு பிளஸ்

சொல்ல நாணமாகத்தான் இருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய நான், இப்போதெல்லாம் காலையில் கடைக்குப் பின்னால் உள்ள கக்கூசில் கதவைப் பூட்டிக்கொண்டு, போனில் அமெரிக்கக்காரனின் கூடைப்பந்து பார்க்கிறேன். வெளியே உட்கார்ந்து பார்த்தால் கண் கலங்கிவிடுகிறது. மிளகாய் வறுக்கிறவனாவது நெடி என்று சொல்லித் தப்பிக்கலாம். ஏத்தங்காய் உப்பேரி, அதாவது நேந்திரங்காய் சிப்ஸ், பொரிக்கிறவன் எதைச் சொல்ல? வீட்டுக்காரி எனக்கு வயிறு கெட்டுப்போனது என்று முடிவுகட்டி, தினமும் ஓமத் தண்ணீர் காய்ச்சித் தருகிறாள். வாங்கிக் குடித்துக்கொள்கிறேன்.

இன்று ஆட்டம் முடிந்ததும், இரண்டு டீமின் கணக்கும் வரும் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். நீ காட்டித் தந்ததுதான், மக்கா. அதில் ஒருத்தன் பெயருக்கு நேரே வரிசையாகப் பூஜ்யம். பாயின்ட் இல்லை, ரீபவுண்ட் இல்லை, அசிஸ்ட் இல்லை. அந்த வரிசையின் கடைசிக் கட்டத்தில் மட்டும் ஒரு பிளஸ். இப்படி ஒரு ஆள் கிடைத்தால் நீ அன்றைக்குச் சாயாவே குடிக்க மாட்டாய், வாய் ஓயாது. போனைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். உன் ஸ்டூல் அடுப்புக்கு எதிரே அப்படியே கிடக்கிறது.

நாம் படித்த பள்ளிக்கூடத்தில் நீ பாஸ்கெட்பால் டீமில் இருந்தாய். இருந்தாய் என்றால், பெஞ்சில் இருந்தாய். நான் ஆறாம் வகுப்போடு நின்று அப்பாவின் சட்டி முன்னால் வந்துவிட்டவன். ஆனாலும் மேட்ச் என்றால் மதில்மேல் ஏறி உட்கார்ந்துவிடுவேன். உன்னை ஆட இறக்கியதைவிடத் தண்ணீர் எடுக்க அனுப்பியதுதான் அதிகம். "மக்கா, பெஞ்சுக்கு வலிக்கும், கொஞ்சம் எந்திரிலே!" என்று நான் கத்துவேன். நீ திரும்பாமலே சிரிப்பாய். தோள் குலுங்குவது தெரியும்.

கல்ஃபுக்குப் போய் நீ திரும்பி வந்தபோது அந்தச் சிரிப்பு பாதிதான் வந்திருந்தது. யாரோடும் ரொம்பப் பேச மாட்டாய். காலையில் நான் எண்ணெய் காய வைக்கும் நேரத்துக்குப் போனோடு வந்து ஸ்டூலில் உட்காருவாய். அங்கே ராத்திரி ஆடுகிறான், நமக்கு விடியற்காலை. ஆட்டம் முடிந்ததும் கணக்கை வாசிப்பாய். தோற்ற டீமின் கணக்கைத்தான் முதலில் படிப்பாய். "செயிச்சவன எல்லாவனும் பாப்பான்டே. தோத்தவன் எங்க பந்த விட்டாம்னு நாமளாவது பாக்கணும்லா."

"அசிஸ்ட்டுன்னா என்னதுடே?" என்று கேட்பேன்.

"ஏலே, நேத்தும் சொன்னேம்லா? உன் வீட்டுக்காரி காய சீவித் தாரா. நீ சட்டில போட்டு எடுக்க. வாங்குகவன் உன் உப்பேரிங்கான். பாயின்ட் உனக்கு. அவளுக்கு அசிஸ்ட்."

உள்ளேயிருந்து அவள் குரல் கொடுப்பாள்: "அண்ணே, அசிஸ்ட்டுக்கு சம்பளம் உண்டுமான்னு கேட்டுச் சொல்லுங்க!"

மறுநாள் மறுபடியும் கேட்பேன். ரீபவுண்ட் என்றால் என்ன, டர்ன்ஓவர் என்றால் என்ன. நீ தலையில் அடித்துக்கொண்டு, இல்லாத பந்தை எட்டிப் பிடித்து, இல்லாத வளையத்தில் போட்டுக் காட்டுவாய். அந்த நேரத்தில் உன் கை இரண்டும் பள்ளிக்கூடத்துக் கையாகிவிடும்.

முன்பு ஒருநாள் இப்படி ஒரு பூஜ்யக்காரனைப் பற்றி நீ சொன்னதுதான் எனக்கு மறக்கவே இல்லை. "இவன் ஒண்ணுமே போடல. ஆனா இவன் உள்ள நிக்கும்போ டீம் ஏறுகு. இவன் வெளிய வந்தா இறங்குகு. அதயும் ஒருத்தன் இருந்து பாத்து பிளஸ்ஸுன்னு எழுதுகான் பாத்தியா!" சொல்லிவிட்டு, அதுவரை தொடாத சாயாவை எடுத்து, போனையே பார்த்துக்கொண்டு ஒரு வாய் குடித்தாய். நம்முடைய மேட்சுகளில் இப்படி யாரும் எழுதி வைக்கவில்லை என்று நினைத்தாயோ என்னவோ. நான் வழக்கம்போல, "அப்போ உனக்கு பெஞ்சுல எத்தன பிளஸ்டே?" என்றேன். வாயில் இருந்த சாயாவைத் துப்பிச் சிரித்தாய்.

மக்கா, எனக்கு எல்லாம் எப்போதோ தெரியும். இங்கிலீஷ் படிக்கத் தெரியாவிட்டாலும், எந்தப் பெயர் எவனுடையது, எந்த எழுத்துக்குக் கீழே எந்தக் கணக்கு வரும் என்று அடையாளம் வைத்திருந்தேன். கேட்டால் நீ ஸ்டூலை விட்டு எழும்பி ஆடிக் காட்டுவாய் என்பதற்காகக் கேட்டேன். கடைசி ஃபைனல் ஆடும் அன்று, நீ வாய் திறக்கும் முன்னால் போனை வாங்கி, இரண்டு டீமின் கணக்கையும் மேலிருந்து கீழ்வரை நானே வாசிக்க வேண்டும், உன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தேன்.

அதற்குள் உடம்புக்கு முடியாமல் உன்னைத் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து போன் பண்ணினாய். "ஏலே, இன்னைக்கு மேட்சு பாத்தியா? எவன் நல்லா ஆடினான்?" நான் பார்த்திருந்தேன். கணக்கு முழுக்க நாக்கு நுனியில் நின்றது. ஆனால் பழகிய வாய். "எவன் பந்த நெறய நேரம் கட்டிப்பிடிச்சிட்டு நின்னானோ அவன்தான்டே" என்றேன்.

நீ சிரித்தாய், இருமினாய். "நீ உருப்பட மாட்ட. இரு, வந்து ஒழுங்கா சொல்லித் தருகேன்."

நீ வரவில்லை. எனக்கு இன்னும் சொல்லித் தர வேண்டியிருக்கிறது என்ற நினைப்போடே போய்விட்டாய். அன்றைக்கு ஒரே ஒரு வரியை நான் வாசித்திருந்தால் போதும். போனிலேயே துள்ளியிருப்பாய். சில நேரம் இன்னொன்றும் தோன்றும்: எனக்குத் தெரியும் என்று தெரிந்திருந்தால், அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "வந்து சொல்லித் தருகேன்" என்று உனக்குச் சொல்லத் தோன்றியிருக்காது. எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. ஆறாம் வகுப்புக்காரனுக்கு அதற்குமேல் ஓடவில்லை.

இன்று எண்ணெய் காய்ந்ததும் காயைப் போட்டேன். உன் ஸ்டூலுக்கு நேரே நின்று போனை எடுத்து, சத்தமாக வாசித்தேன். தோற்ற டீம் முதலில். ஒவ்வொருத்தனாக, ஒரு கட்டம் விடாமல். பிறகு ஜெயித்த டீம். பூஜ்யக்காரனிடம் வந்தபோது பூஜ்யங்களை வேகமாகத் தாண்டி, பிளஸ்ஸை மட்டும் இரண்டு தடவை வாசித்தேன். வீட்டுக்காரி கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றாள். எனக்கென்று வைத்திருந்த ஓமத் தண்ணீர் டம்ளரைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். இனி கக்கூசுக்குள் இருந்து பார்க்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

வாசித்து முடித்துச் சட்டியைப் பார்த்தேன். காய் முழுக்கக் கரியாகக் கிடந்தது. கோரி எடுத்து வெளியே கொட்டினேன். தெரு நாய் வந்து மோந்து பார்த்துவிட்டு, பழைய இடத்திலேயே போய்ப் படுத்துக்கொண்டது.