ஆறு என்று எழுதி, லு என்று படி

லுஆன்
3 மார்ச் 1993

அன்புத் தங்கை மான்யுனுக்கு,

அண்ணன் எழுதுவது. அம்மாவும் நானும் நலம். உன் போட்டோ வந்ததிலிருந்து அம்மா அதைக் கீழே வைக்கவில்லை. "மூக்கப் பாருங்க, எங்க மூக்குதான்!" என்று தெருவையே கூட்டிவிட்டாள்.

அவளுக்கு ஒரே குறை. நாலு வயதில் ரயிலடியில் உன்னைத் தொலைத்தோம். எட்டு வருடத்துக்கு முன் உங்கள் மாகாணப் பத்திரிகையிலும் விளம்பரம் கொடுத்தோம். "எம்புள்ள அதப் பாத்திருப்பாளாடா?" என்று தினமும் கேட்கிறாள். பார்த்தும் நீ வரவில்லை என்றால் தாங்கமாட்டாள். பார்க்கவில்லை என்று ஒரு வரி எழுது, வாசித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
தாவ் ஜிங்ஹெங்


வெய்ஃபாங்
15 மார்ச் 1993

அன்புள்ள அண்ணா,

அந்த ஒரு வரிக்காக மூன்று தாள் கிழித்தேன். பொய் வரவில்லை. விளம்பரத்தை நான் பார்த்தேன்.

தொலைந்தபோது என்னிடம் இருந்தது ஊரின் ஓசை மட்டும்தான். லுஆன். வளர்ந்ததும் வரைபடத்தில் தேடினேன். ஷான்ஷி மாகாணத்தில் அதே ஓசையில் ஒரு பழைய ஊர் கிடைத்தது. இரண்டு முறை போய்த் தெருத்தெருவாக அலைந்தேன். உங்கள் விளம்பரத்திலோ ஊர்ப் பெயரின் முதல் எழுத்து, 'ஆறு' என்னும் எண்ணைக் குறிக்கும் எழுத்து. நாடு முழுக்க அதை லியு என்றுதானே படிக்கிறோம்? மான்யுன் என்ற பெயரும் எனக்குத் தெரியாது. வீட்டில் என்னைப் பாப்பா என்றுதானே கூப்பிட்டீர்கள்? "லியுஆனாம், யாரு பெத்த புள்ளையோ பாவம்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிப் பக்கத்தைத் திருப்பினேன்.

போன குளிர்காலத்தில் ஒரு வியாபாரி அதே எழுத்துப் போட்ட பொட்டலத்தை நீட்டி, "லுஆன் தேயிலைம்மா" என்றார். கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அதற்குப் பிறகுதான் அந்த ஊருக்கு எழுதி உங்களைத் தேடினேன்.

நான் பள்ளி ஆசிரியை, அண்ணா. எழுத்துத் தெரிந்தவள். அதை நினைத்தால்தான் நெஞ்சு எரிகிறது. அம்மாவிடம் வாசிப்பதும் மறைப்பதும் உங்கள் விருப்பம்.

உங்கள்,
பாப்பா


லுஆன்
28 மார்ச் 1993

அன்புப் பாப்பாவுக்கு,

முழுவதையும் வாசித்துவிட்டேன். அம்மா அழவில்லை. "விளம்பரத்துக்கு நான் என்னடா சொன்னேன்? லுஆன்னு சொன்னேனா, ஆறுன்னு சொன்னேனா?" என்று கேட்டாள். எழுதப் படிக்கத் தெரியாத அவள்தான் சரித்திர வாத்தியாரான என்னைக் கேட்கிறாள்.

அன்று விளம்பரத்தை வாங்கி அனுப்பிய நம் ஊர்ப் பத்திரிகை ஆபீசில் ஒருவர், "வெளியூர்க்காரன் லியுன்னு படிப்பான் சார், பக்கத்துல ஓசையும் போட்ரலாமா?" என்று கேட்டார். நான் முறைத்தேன். லு என்ற பழைய நாடு இருந்த மண், ஹான் பேரரசர் வைத்த பெயர், இரண்டாயிரம் வருடமாக இப்படித்தான் சொல்கிறோம் என்று பாடமே நடத்தினேன். "சொந்த ஊர் பேரு தெரியாதவளும் இருப்பாளா?" என்றேன். அவ்வளவு வாய்க்கொழுப்பு எனக்கு.

உன்மேல் குற்றமில்லை. அந்த எட்டு வருடத்தைத் தின்றவன் நான். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் வாய் வரவில்லை.

அம்மா உன்னை உடனே புறப்பட்டு வரச் சொல்கிறாள். என்னோடு பேச்சில்லை, அடுத்த வீட்டுப் பெண் வழியாகத்தான் சொல்லி அனுப்பினாள். இந்தக் கடிதத்தையும் அந்தப் பெண் வாசித்துக் காட்டிய பிறகுதான் தபாலில் போடவேண்டுமாம். "அவன் எழுதுனா எம்புள்ள மறுபடியும் வேற ஊருக்குப் போயிருவா" என்கிறாள்.

அண்ணன்,
ஜிங்ஹெங்